கன்றும் ஊறுகாய்ப்புல்லும்

மாரி பொழிந்து ஓய்ந்த தை மாதத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டைக் காண்பவர், இது புற்பஞ்சம் அறியாத நிலமென்றே எண்ணுவர். வயல் வரம்பிலும் ஒழுங்கை ஓரத்திலும் தரவையிலும் புல் செழித்து நிற்கும். மேயக் கட்டிய பசு வயிறு நிறைந்து வீடு திரும்பும். அதே நிலத்தை ஆடி மாதத்திற் காண்பவர்க்குக் கருகிய வேரும் புழுதியுமே தென்படும். எமது மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள சில வாரங்களிற் பெய்து தீர்ந்துவிடுகின்றது. வற்றாத ஆறு ஒன்றும் ஓடாத சுண்ணாம்புக்கல் நிலத்தில், கிணற்று நீர் தோட்டப் பயிர்க்கே போதாதபோது புல்லுக்கு இறைப்பார் யார்? ஆகவே, கோடை முழுவதும் மாடுகள் வைக்கோலையும், கிழித்திட்ட பனையோலையையும், வேலியில் வெட்டிய பூவரசங் குழையையும் நம்பியே உயிர் வாழ்கின்றன.

இப்பஞ்சத்தில் முதலில் நலிவது கறவைப் பசுவன்று. கறவைக்குப் பிண்ணாக்கும் தவிடும் எப்பாடுபட்டேனும் தேடி வைக்கப்படும். ஏனெனில், இன்று தீன் குறைந்தால் நாளைக் காலையிற் செம்பில் பால் குறையும். வீட்டார் உடனே அறிவர். நலிவது அதனருகே கட்டப்பட்டிருக்கும் பெண் கன்று. அது வளராது நின்றுவிட்ட செய்தியை எந்தச் செம்பும் அன்றே அறிவிப்பதில்லை. அறிவிக்கும் நாளில் இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்து போயிருக்கும். அக்கன்றைக் கோடையிற் காப்பதற்கு மாரியின் பசுமையைச் சேமித்து வைக்கும் வழி ஒன்று உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாகு பசுவாகும் காலம்

கன்று என்னும் நிலைக்கும் பசு என்னும் நிலைக்கும் இடைப்பட்ட பெண்ணினத்தை நாகு என்று அழைப்பது எமது வழக்கு. தொல்காப்பியத்து மரபியலும் இப்பெயரைப் பெண்பாற் பெயர்களுள் ஒன்றாக வைத்துப் பேசுகின்றது. இந்நாகுப் பருவமே பாற்பண்ணையின் அத்திவாரம். ஆயினும், பால் தராத இப்பருவத்தையே நாம் பெரிதும் புறக்கணித்து வருகின்றோம்.

நாகு பருவமடைவது அதன் வயதைக் காட்டிலும் உடல் நிறையையே பொறுத்தது. வளர்ந்த பசுவின் நிறையில் ஏறத்தாழப் பாதியை அது எய்தும்போது சினைக்கு வரத் தொடங்கும். நூற்றுக்கு 60 பங்கை எய்தியபின் சினைப்படுத்துவது தக்கது என்பர். சிறிய கலப்பினப் பசுவொன்று 300 கிலோகிராம் நிறையுடையதெனக் கொள்வோம். அதன் கன்று 20 கிலோகிராமிற் பிறந்து 180 கிலோகிராமை அடைதல் வேண்டும். நாளொன்றுக்கு 400 கிராம் வீதம் வளர்ந்தால் இதற்கு 400 நாட்கள் செல்லும். 200 கிராம் வீதமாயின் 800 நாட்கள் ஆகும். சினைக்காலமாகிய ஏறத்தாழ 280 நாட்களையும் கூட்டிப் பாருங்கள். முதலாவது கன்று இரண்டாண்டு நிறையுமுன் தாயாகும். இரண்டாவது தாயாக மூன்றாண்டு செல்லும். இரண்டிற்கும் இனம் ஒன்றே, கொட்டிலும் ஒன்றே. இடையில் வந்து போன கோடைகளில் உண்ட தீனே வேறுபாட்டிற்குக் காரணம்.

பால் தராத பிராணிக்கு மேலும் ஓராண்டு தீன் போட இயலாத ஏழைக் குடும்பம் நாகை விற்றுவிடும். தாய்ப்பசு முதுமையடைந்ததும் அவ்வீட்டில் மாடே இல்லாது போகும். பின்னர்க் குழந்தைக்கும் முதியோர்க்கும் பால்மாவே கதி. அம்மாவும் கடையிற் கிடையாத காலமொன்றை 2021, 2022 ஆம் ஆண்டுகளிற் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டு மக்கள் அனைவரும் கண்டோம். கொட்டிலில் ஒரு பசு நின்ற வீட்டின் பெருமை அந்நாளில் யாவர்க்கும் விளங்கிற்று.

புளிப்பே காவல்

பசும் பயிரை நறுக்கி, காற்றுப் புகாது அடைத்து, புளிக்க வைத்துச் சேமிக்கும் முறையைச் சைலேஜ் என வழங்குவர். தானியம் இட்டு வைக்கும் நிலக்குழியைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. தமிழில் இதனை ஊறுகாய்ப்புல் என்கின்றனர். தயிரும் தோசை மாவும் ஊறுகாயும் ஆளும் அடுக்களைக்கு இம்முறையின் தத்துவம் புதியதன்று.

வெட்டிய பயிர் உடனே இறந்துவிடுவதில்லை. அதன் உயிரணுக்கள் சூழவுள்ள காற்றின் ஒட்சிசனை உட்கொண்டு சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனாற் பயிரின் சர்க்கரை எரிந்து வெப்பமுண்டாகும். அடைத்து வைத்த பயிரில் ஒட்சிசன் தீர்ந்ததும் இச்சுவாசம் நிற்கும். அப்பொழுது, இலைகளில் இயல்பாகவே தங்கியுள்ள ஒருவகைப் பற்றீரியங்கள் பெருகி, எஞ்சிய சர்க்கரையை இலத்திக் அமிலமாக மாற்றத் தொடங்கும். பாலைத் தயிராக்கும் பற்றீரியங்களும் இவ்வினத்தனவே. புளிப்பு ஏறி, பீ.எச். பெறுமானம் 4 அளவிற்கு இறங்கியதும் அழுகச் செய்யும் கிருமிகள் வாழ இயலாது ஒடுங்கும். அமிலத்தை உண்டாக்கிய பற்றீரியங்களும் அப்புளிப்பில் அடங்கிவிடும். அதன்பின், காற்றுப் புகாதவரை அப்பயிர் பல மாதங்கள் கெடாதிருக்கும்.

பழைய முறையாகிய இதனை ஒழுங்குபடுத்தி உலகறியச் செய்தவர்களுள் பிரான்சு நாட்டுக் கமக்காரராகிய ஓகுஸ்ற் கொவார் என்பவர் முதன்மையானவர். சோளப்பயிரைப் பலகாலம் குழிகளிற் சேமித்துச் சோதித்த அவர், தமது அனுபவத்தை 1877 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பின்னர்ப் பின்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் ஆர்த்துரி இல்மரி விர்த்தானென், புல்லின் பீ.எச். பெறுமானம் விரைவில் 4 இற்குக் கீழே இறங்கினாற் கெடுதி தரும் நொதிப்பு நிற்குமெனக் கண்டு, நீர்த்த அமிலங்களைப் புல்லிற் சேர்க்கும் முறையை வகுத்தார். இரசாயனத்துக்கான 1945 ஆம் ஆண்டு நோபல் பரிசு, சிறப்பாக இத்தீன் சேமிப்பு முறைக்காகவே அவருக்கு அளிக்கப்பட்டது. பனியில் உறையும் அந்நாட்டில் நீண்ட குளிர்காலம் புல்லை ஒழிக்கும். வெயிலில் வேகும் எமது நாட்டிற் கோடை ஒழிக்கும். காரணம் எதுவாயினும் கன்றின் பசி ஒன்றே.

கன்றின் வயிறு

ஊறுகாய்ப்புல் நன்றென்று கேட்டவுடன் அதனைச் சின்னஞ்சிறு கன்றின் முன் வைத்துவிடலாகாது. அதற்குக் காரணம் கன்றின் வயிற்றமைப்பு.

அசைபோடும் விலங்கின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. முதலாவது பெரும் பை போன்ற அசையூண் வயிறு. இரண்டாவது உட்சுவர் தேன்கூடு போன்றது. மூன்றாவது நூலின் ஏடுகள் போல மடிந்தது. நான்காவதே எமது இரைப்பை போன்று செரிக்கும் மெய்யிரைப்பை. வளர்ந்த பசுவில் முதலறையே மிகப் பெரியது. பிறந்த கன்றிலோ மெய்யிரைப்பையே வயிற்றின் பாதிக்கு மேற்பட்டதாய் இருக்கும். முதலறை சிறிதாய்ச் சுருங்கிக் கிடக்கும். கன்று குடிக்கும் பால், முதலறையிற் படாமல் ஒரு தனி வாய்க்கால் வழியாக நேரே பின்னறைகளுக்குச் சென்றுவிடும். அஃதாவது, இளங்கன்றும் எம்மைப் போல் ஒரு வயிறு மட்டுமே தொழில் செய்யும் உயிராகும்.

முதலறை எவ்வாறு வளர்கின்றது? இக்கேள்விக்கு விடை காண, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 1950களிற் சுவையான சோதனைகள் செய்தனர். பால் மட்டும் குடித்த கன்றுகளின் முதலறையினுள் கடற்பஞ்சு போன்ற பிளாத்திக்குப் பொருளை இட்டுப் பார்த்தனர். பை விரிந்தது, ஆனால், உணவின் சத்தை உறிஞ்சுதற்குரிய சிறுமுளைகள் அதன் உட்சுவரில் வளரவில்லை. பின்னர்ப் பியூத்திரிக், புரோப்பியோனிக் என்னும் அமிலங்களின் உப்புக்களைச் செலுத்தினர், முளைகள் வளர்ந்தன. தானியத்தைக் கன்று தின்ன, முதலறையில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைப் புளிக்கச் செய்யும்போது இவ்வமிலங்கள் இயல்பாகவே பிறக்கின்றன. நாருணவு பையை விரித்து அதன் தசையை வலுப்படுத்துகின்றது; தானியம் அதன் உட்சுவரை உருவாக்குகின்றது. இரண்டும் வேண்டியனவே.

முதலறையும் ஒரு நொதிகலமே என்பது இதனாற் புலனாகும். காற்றற்ற பையிற் பயிர் புளிப்பது போலவே காற்றற்ற வயிற்றில் உணவு புளிக்கின்றது. வெளியே உள்ள கலத்தை நிரப்பி வைத்துவிட்டோம் என்பதனால், உள்ளே உள்ள கலம் ஆயத்தமாகிவிட்டதென எண்ணுதல் கூடாது. ஊறுகாய்ப்புல்லில் மூன்றில் இரண்டு பங்கு நீர். சிறிய முதலறையை அது விரைவில் நிரப்பிவிடும்; கன்றுக்கு வேண்டிய சத்தோ அதிற் குறைவு.

ஆகவே ஒழுங்கு இதுவாகும். பிறந்த சில மணி நேரத்துள் கடும்புப்பால் வயிறார ஊட்டுதல் வேண்டும்; நோயெதிர்க்கும் ஆற்றல் அதன் வழியே கன்றுக்குக் கிடைக்கின்றது. முதல் வாரம் தொட்டே தூய நீர் வைக்கலாம். இரண்டாம் வாரம் முதல் நொறுக்கிய சோளமும் தவிடும் பிண்ணாக்கும் கலந்த தீனைப் பிடியளவாகவும், மெல்லிய உலர்புல்லைச் சிறிதாகவும் பழக்கலாம். மூன்று மாதம் நிறைந்து, கன்று நன்கு அசைபோட்டுத் திரியும்போதே ஊறுகாய்ப்புல்லைத் தொடங்குதல் பொருந்தும்.

செய்யும் முறை

இதற்குச் சிறந்த பயிர் சோளம். எமது தோட்டங்களுக்குப் பழகிய இறுங்கும் ஏற்றதே. இவற்றிற் சர்க்கரை போதியளவு உண்டு. தாமே நன்கு புளிக்கும். கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்டு எமது நாட்டிலும் பரவியுள்ள கோ-3 போன்ற உயர்ந்த புல்வகைகளில் நீர் மிகுதி, சர்க்கரை குறைவு. அவற்றை வெட்டி அரைநாள் வாடவிட்டு, நூறு கிலோகிராமுக்கு மூன்று தொடக்கம் ஐந்து கிலோகிராம் வரை, சீனி ஆலையில் எஞ்சும் கரும்பாகைச் சிறிது நீரிற் கரைத்துத் தெளித்தல் வேண்டும்.

ஐப்பசி மழையோடு விதைத்த சோளம் தை மாதமளவில் வெட்டும் பதத்தை அடையும். கதிரின் மணியை நகத்தால் அழுத்தினாற் பால் பீறிடாது, பிசைந்த மாப் போன்றிருப்பதே பதம். முழுப்பயிரையும் கதிரோடு வெட்டி, இரண்டு மூன்று சதமமீற்றர் நீளத்துக்கு நறுக்குக. நறுக்கியதில் ஒரு பிடியை அரை நிமிடம் இறுகப் பொத்திப் பிடித்துக் கையை விரித்துப் பார்க்க. நீர் வடிந்தால் ஈரம் மிகுதி. சற்று வாடவிடல் வேண்டும். உருண்டை உடனே உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் ஈரம் மட்டும் பட்டு, உருண்டை மெல்ல விரியுமாயின் அதுவே தக்க நிலை.

பெரும் பண்ணையார் குழி வெட்டுவர். குழியில் ஓர் எச்சரிக்கை உண்டு: புதிதாக மூடிய ஆழக்குழியில் முதல் சில வாரங்களில் நச்சு வாயுக்கள் தங்கியிருக்கக் கூடும்; எவரும் அதனுள் இறங்கலாகாது. ஓரிரு மாடு வைத்திருப்போர்க்குக் குழி வேண்டியதில்லை. தடித்த பொலித்தீன் பையே போதும். உரச்சாக்கொன்றைக் கழுவி உலர்த்தி, அதனுட் பையை இட்டு, நறுக்கிய பயிரைச் சாணளவு போட்டு அழுத்தி, மீண்டும் போட்டு அழுத்தி நிரப்புதல் வேண்டும். எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நன்மை. இடையில் தங்கும் காற்றே பகை. எஞ்சிய காற்றையும் பிதுக்கி வெளியேற்றி, வாயை முறுக்கி இறுகக் கட்டி, நிழலில் வைக்க. எலியும் காகமும் துளையிடாமற் காத்தல் இன்றியமையாதது. ஊசித்துளை போதும் ஒரு பை முழுவதும் கெட. இருநூறு லீற்றர் பிளாத்திக்குப் பீப்பாவையும் பயன்படுத்தலாம். ஆயினும், ஒரு நாகு மட்டும் உள்ள வீட்டிற் பீப்பாவைத் திறந்தால் முடிவதற்குள் மீதி கெட்டுவிடும். 25 கிலோகிராம் பையோ ஏறத்தாழ ஒரு வாரத்தில் தீரும்.

எவ்வளவு நிலம் வேண்டும் என்று கேட்பீர்கள். நாளொன்றுக்கு 3 கிலோகிராம் வீதம் 100 நாட்களுக்கு ஒரு நாகுக்கு 300 கிலோகிராம் தேவை. புளிப்பிலும் கழிவிலும் குறைவதை ஈடுசெய்யப் பசும் பயிராக 350 கிலோகிராம் கொள்வோம். இது பதினான்கு பை. சதுர மீற்றருக்கு 3 கிலோகிராம் விளைந்தாலே, ஏக்கரின் பதினாறிலொன்றாகிய ஒரு பரப்பில் பாதி இதற்குப் போதும். அரைப் பரப்பு நிலத்தை ஒருமுறை மாரியில் ஒதுக்குவது பெருஞ் செலவன்று.

நன்றும் தீதும் அறிதல்

நான்கு தொடக்கம் ஆறு வாரங்களில் ஊறுகாய்ப்புல் பக்குவமடையும். திறந்தவுடன் கண்ணும் மூக்குமே நல்ல சோதனைச்சாலை. மஞ்சள் கலந்த பசுமை நிறமும், தயிரை நினைவூட்டும் இனிய புளிப்பு மணமும் உடையது நல்லது. கெட்டுப்போன நெய் போல் நாறி, வழுவழுப்பாய் இருப்பது பியூத்திரிக் அமிலம் மிகுந்தது. ஈரம் மிகுந்த பயிரை அடைத்ததன் விளைவு. முதலறையில் முளைகளை வளர்த்த அதே அமிலம், பையில் தோன்றினால் அழுகலின் அடையாளமாகின்றது. புகையிலைக் கொட்டிலின் மணத்தை எமது நாட்டவர்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊறுகாய்ப்புல் அம்மணம் வீசிக் கபில நிறமடைந்தால், காற்றுப் புகுந்து வெப்பமேறிச் சத்துக் குன்றியதென அறிக. பூஞ்சணம் படர்ந்த பகுதியை எந்த மாட்டுக்கும் இடலாகாது. கன்றுக்கு ஒருபோதும் ஆகாது. சரியாகப் புளிக்காத தீனில் லிஸ்தீரியா என்னும் கொடிய கிருமி வளர்வதுமுண்டு.

ஊட்டும் அளவு

முதல் நாள் கால் கிலோகிராம் போதும். இரண்டு மூன்று வாரங்களிற் படிப்படியாக ஒரு கிலோகிராமாக உயர்த்துக. ஆறு மாத அளவில் இரண்டு மூன்று கிலோகிராமும், ஓராண்டு நிறைந்தபின் ஐந்தாறு கிலோகிராமும் கொடுக்கலாம். அன்றன்று எடுத்ததை அன்றே ஊட்டி, பையை மீண்டும் காற்றுப் போக்கிக் கட்டுக. தொட்டியில் எஞ்சியதை மறுநாட் காலையில் அகற்றுதல் வேண்டும்.

ஊறுகாய்ப்புல் ஒன்றே போதும் என்று கருதுதல் பெருந்தவறு. சோள ஊறுகாய்ப்புல்லின் உலர்பொருளிற் புரதம் நூற்றுக்கு ஏழு தொடக்கம் ஒன்பது பங்கே உண்டு. வளரும் இளங்கன்றுக்கு அதன் இருமடங்கு வேண்டும். புரதமின்றி இதனை மட்டும் நிறைய ஊட்டினால், நாகு எலும்பும் தசையும் வளர்வதை விடுத்துக் கொழுக்கும். பருவமடையுமுன் மிகையாகக் கொழுத்த நாகின் மடியிற் பால் சுரக்கும் பகுதி குன்றுவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். இக்குறையை நீக்கும் மருந்து எமது வேலியிலேயே நிற்கின்றது. 2005 ஆம் ஆண்டில் இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவிக்கப்பட்ட சீமைக்கிளுவையின் இலையில் உலர்பொருளின் நூற்றுக்கு இருபது பங்கிற்கு மேல் புரதமுண்டு. அதன் மணத்தை மாடுகள் முதலில் வெறுக்கும். வாடவிட்டுக் கொடுத்தாற் பழகிக்கொள்ளும். மூன்று பங்கு நறுக்கிய சோளத்தோடு ஒரு பங்கு இவ்விலையைக் கலந்து பையில் அடைப்பின் இரண்டும் சேர்ந்து புளிக்கும். இதனோடு சிறிது பிண்ணாக்கும் தாதுவுப்பும் நாள்தோறும் கொடுத்தல் நலம். வைக்கோலுக்கு யூரியா தெளிக்கும் முறையைக் கேள்வியுற்றோர், அதனைக் கன்றின் தீனிற் சேர்க்கலாகாது. முதலறை முதிராத கன்றுக்கு யூரியா நஞ்சாகும்.

இன்னும் ஒன்று கூறுதல் வேண்டும். புளிக்க வைத்தல், உள்ளதைக் காக்குமேயன்றி இல்லாததை உண்டாக்காது. முற்றி வைக்கோலான புல்லை அடைத்து வைத்தால், புளித்த வைக்கோலே கிடைக்கும். தக்க பதத்தில் வெட்டுதல், இறுக அடைத்தல், தக்க வயதில் ஊட்டுதல் ஆகிய மூன்றும் காலமறிந்து செய்யும் செயல்கள். இவற்றுக்கு வேண்டியது பெரும் பணமன்று, முன்னோக்கே.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் உத்தியோகத்தின் பொருட்டு ஊரைவிட்டு அகன்றிருப்பர். எனினும், அவர்தம் பெற்றோரோ உறவினரோ இன்னும் ஊரில் ஒரு பசுவைக் கட்டி வைத்திருத்தல் கூடும். அவர்கட்கு இம்முறையை எடுத்துரைப்பதும், நறுக்கும் பொறியொன்றை அயலவர் சிலர் கூட்டாக வாங்க உதவுவதும் பயனுள்ள பணியாகும். அவ்வவ்விடத்துக் கால்நடை வைத்தியரையும் கலந்து கொள்க. கன்றின் நிலை நோக்கி அளவைத் திருத்திக் கூறுவார்.

தை மாதத்திற் பட்டிப்பொங்கலன்று கொட்டிலைக் கூட்டி மெழுகி, மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டி, பொங்கலும் பழமும் ஊட்டி மகிழ்கின்றோம். சோளம் பதமடைந்து நிற்பதும் அதே தையிலேதான். அவ்வாரத்திலேயே பதினான்கு பைகளையும் நிரப்பிக் கட்டி வைப்போமாயின், ஆடியிலும் எமது நாகு பசுமை உண்ணும்.